காலும் பல்லும் சந்தித்த சம்பவம்

உலகில் ஜனநாயகம் எங்கே குடியிருக்கிறது என்று யாராவது கேட்டால், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் டேபிள் டென்னிஸ் அறையில் என்று தயங்காமல் சொல்வேன். அந்த அறையில் இதுவரை யாரும் டேபிள் டென்னிஸ் ஆடியதில்லை. மேசை முழுக்கச் சங்கத்தின் கோப்புகள். வலைக்கு இந்தப் பக்கம் நிறைவேறிய தீர்மானங்கள், அந்தப் பக்கம் நிலுவையில் உள்ளவை. மாதம் ஒரு முறை நாங்கள் கூடி, ஒரு பிரச்சினையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கும் தட்டுவோம். ஆக, அறை அதன் பெயருக்குத் துரோகம் செய்யவில்லை.

நான்தான் சங்கச் செயலாளர். முப்பத்தோரு வருடம் ஒரு பெரிய அலுவலகத்தில் கடிதப் பிரிவில் இருந்தவன். 'அவர் தொலைத்தார்' என்று எழுதக்கூடாது, 'கோப்பு காணப்படவில்லை' என்றுதான் எழுத வேண்டும் என்பதை அங்கே கற்றேன். இந்தத் திறமையைப் பார்த்துத்தான் தலைவர் என்னைச் செயலாளர் ஆக்கினார். கூடவே, நாள் முழுக்க நிழல் விழுகிற ஒரே வண்டி நிறுத்தும் இடத்தையும் எனக்கு ஒதுக்கினார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பதை அப்போதே எழுத்தில் பதிவு செய்துவிட்டோம்.

தலைவர் பத்தாவது மாடி. கல்யாண மண்டபம் மாதிரி குரல். அவர் வீட்டில் ஒரு நாய் உண்டு. நாய் என்று நான் சொல்வது கதை புரிவதற்காக. குடியிருப்பில் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. தலைவரும் அவர் மனைவியும் அதைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். "தம்பி இன்னிக்கு சரியாவே சாப்பிடல", "தம்பிக்கு மூடு சரியில்ல" என்று லிஃப்டில் பேசிக்கொள்வார்கள். புதிதாகக் குடிவந்த ஒருவர், "தம்பி என்ன படிக்கிறார்?" என்று விசாரித்துவிட்டுப் பிறகு இரண்டு நாள் படிக்கட்டில் போனார்.

தம்பியின் எடை நாற்பத்திரண்டு கிலோ. மற்ற விவரங்களை வாயைத் திறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சம்பவம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நடந்தது. லிஃப்ட் கதவு பாதி மூடிப் பாதி யோசித்துக்கொண்டிருந்ததால் மெக்கானிக் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், நாற்பது வயது இருக்கும். காதுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் செருகியிருப்பார். ஒன்பது வருடமாக எங்கள் லிஃப்டுக்கு வைத்தியம் பார்ப்பவர். தரைத்தளத்தில் கதவுக்கு அடியில் தலையை உள்ளே விட்டு, காலை வெளியே நீட்டிக் குப்புறப் படுத்திருந்தார். நான் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்துகொண்டிருந்தேன். அதாவது, நின்றுகொண்டிருந்தேன்.

தோட்டத்திலிருந்து தலைவர் வந்தார். முன்னால் தம்பி. கழுத்துப்பட்டையின் கயிறு தலைவரின் தோளில் தொங்கியது. தம்பி வந்தான், நின்றான், மெக்கானிக்கின் வலது காலை முகர்ந்தான், கணுக்காலுக்கு மேலே கவ்வினான். கவ்விவிட்டு, ஒரு கடமை முடிந்த மாதிரி உட்கார்ந்துகொண்டான்.

மெக்கானிக் போட்ட சத்தம் லிஃப்டின் சுரங்கம் வழியே பத்தாவது மாடி வரை போனது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார் தலைவர், குனிந்து தடவிக்கொடுத்தபடி. தடவியது தம்பியை. "பயந்துட்டான் பாவம். ஏம்ப்பா, இப்படியா கத்துறது?"

மெக்கானிக் காலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ரத்தம் செருப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "சார், நீங்க பாத்தீங்கல்ல?"

தலைவரும் என்னைப் பார்த்தார்.

"பார்த்தேன்னு உறுதியா சொல்ல முடியாது" என்றேன். "என் கண் அந்தத் திசையில இருந்துச்சு. அவ்வளவுதான்."

மெக்கானிக் ஒன்றுதான் கேட்டார். வேலை செய்யும்போது நாய் கடித்தது என்று சங்கம் ஒரு கடிதம் தந்தால், அவருடைய நிறுவனம் மருத்துவ விடுப்பு தரும். தராவிட்டால், வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடியவர் என்று எழுதிவிடுவார்கள். "ரெண்டு வரி போதும் சார்" என்றார். இரண்டு வரியில் எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பது அவருக்குத் தெரியவில்லை. கடிதப் பிரிவில் வேலை பார்க்காதவர்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள். "எழுதிக் குடுத்துட்டீங்களா?"

"கமிட்டி கூடணும்."

"நாய் கடிக்கிறதுக்குக் கமிட்டி கூடுச்சா?"

இவளுக்கு நிர்வாகம் புரியாது.

ஞாயிற்றுக்கிழமை அவசரப் பொதுக்குழு கூடியது. பொருள்: 'பொது இடங்களில் வளர்ப்புப் பிராணிகளுக்கு வாய்ப்பூட்டு அணிவிப்பது குறித்து.' முப்பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். லிஃப்ட் ஓடாததால் மேல்மாடிக்காரர்கள் மூச்சு வாங்கியபடி உட்கார்ந்திருந்தார்கள். கருத்துச் சொல்லத் தலைவர் ஒரு 'நாய் மனநல ஆலோசகரை' வரவழைத்திருந்தார். தம்பியும் வந்திருந்தான், சிறப்பு அழைப்பாளராக.

ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். "கடிக்கிறதுங்கிறது ஒரு மொழி. அவன் ஏதோ சொல்ல வந்திருக்கான். நாமதான் அதைக் காது குடுத்துக் கேக்கல."

"நான் கால் குடுத்துக் கேட்டேன் சார்" என்றார் மெக்கானிக். கட்டுப் போட்ட காலோடு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஆலோசகர் கண்ணைத் திறந்தார். "நீங்க அப்ப எந்த மனநிலையில இருந்தீங்க?"

"குப்புறப் படுத்திருந்தேன்."

"பாத்தீங்களா, படுத்திருந்தாராம்! படுத்திருக்கிற கால் ஒரு அழைப்பு" என்றார் ஆலோசகர். அறையில் பலர் தலையாட்டினார்கள். இவ்வளவு நாளாக நாம் இப்படியா படுத்திருந்தோம் என்று சிலர் தங்கள் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்கள்.

பிறகு தலைவர் எழுந்தார். "குரைக்கிற நாய் கடிக்காதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. தம்பி எப்படிக் குரைப்பான்னு இந்தக் குடியிருப்புல எல்லாருக்கும் தெரியும். அப்படின்னா அவன் எப்படிக் கடிச்சிருக்க முடியும்?" என்று கேட்டார். தம்பி எழுந்து இரண்டு முறை குரைத்துத் தன் தரப்பை நிரூபித்தான். கைதட்டல்.

"இது என்ன சட்டம்? வாய்ப்பூட்டுச் சட்டம்! இன்னிக்கு இவன் வாய், நாளைக்கு யார் வாய்?" என்று தலைவர் முழங்கினார்.

அப்போதுதான் மெக்கானிக் எழுந்தார். ஒரு பையிலிருந்து தோலில் தைத்த வாய்ப்பூட்டு ஒன்றை எடுத்தார். தானே கடையில் வாங்கி வந்திருக்கிறார். "நான் சண்டைக்கு வரல சார். இதைப் போட்டா அவனுக்கு வலிக்குமான்னு பாத்துடலாம். வலிச்சா நானே எடுத்துடுறேன்" என்று சொல்லி, நொண்டிக்கொண்டே தம்பியிடம் போய்க் குந்தினார். கடித்தவனும் கடிபட்டவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெக்கானிக் அதை நீட்டினார். தம்பி முகர்ந்தான். பிறகு, சட்டை மாட்டிவிடக் கை நீட்டும் குழந்தை மாதிரி, தானாகவே மூக்கை உள்ளே நுழைத்தான்.

வாலை ஆட்டினான். உட்கார்ந்தான். கொட்டாவி விட்டான், அதற்கும் அதில் இடம் இருந்தது.

முப்பத்தொன்பது உறுப்பினர்கள் இருந்த அந்தக் கூட்டத்தில் வாய்ப்பூட்டுக்கு ஆட்சேபம் இல்லாத ஒரே ஜீவன் தம்பிதான் என்பது வெளிப்பட்டுவிட்டது. ஆனால் அவனுக்கு ஓட்டு கிடையாது.

"ஷாக்ல இருக்கான்!" என்று தலைவரின் மனைவி அழுதுகொண்டே ஓடிவந்து அதைக் கழற்றினாள். "புள்ளைக்குப் பேச்சே வரல பாருங்க!"

ஓட்டெடுப்பில் வாய்ப்பூட்டுக்கு எதிராக முப்பத்தெட்டு. ஆதரவாக ஒன்று. அந்த ஒன்று ஒன்பதாம் மாடி டீச்சர். இடுப்பெலும்பு முறிந்து வீட்டிலேயே கிடந்ததால் தன் ஓட்டைச் சீட்டில் எழுதி மகனிடம் கொடுத்தனுப்பியிருந்தார். சம்பவத்துக்கு இடம் தந்த காரணத்தால், இனி வெளியாட்கள் எங்கள் வளாகத்தில் 'படுத்த நிலையில்' பணி செய்யக்கூடாது என்று துணைத் தீர்மானமும் நிறைவேறியது.

மெக்கானிக் கோபப்படவில்லை. வாய்ப்பூட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அந்த லெட்டர் மட்டும் சார்" என்று எனக்கு நினைவூட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலையே எழுதினேன். என் வாழ்நாளின் சிறந்த கடிதம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். முக்கியப் பகுதி இது: 'மேற்படி நாளில் மேற்படி மெக்கானிக்கின் வலது கால் பொதுப்பாதையில் நீட்டப்பட்டிருந்த நிலையில், வளர்ப்புப் பிராணி ஒன்றின் பற்கள் வழக்கமாகச் செல்லும் வழியில் அது இடம்பெற்றுவிட்டபடியால், காலும் பல்லும் சந்தித்த சம்பவம் ஒன்று நிகழ்ந்ததாக அறியப்படுகிறது. பணி நிறைவு செய்யப்படாமல் விடப்பட்டது.'

தலைவர் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார். "பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல. எப்படிய்யா?"

என் மனைவியும் படித்தாள். "காலு எழுந்து போச்சா, பல்லு எழுந்து வந்துச்சா?"

"அது நிறுவனம் முடிவு பண்ண வேண்டியது."

"நீங்க அங்கதானே நின்னீங்க?"

"நின்னேன். அதை யாரும் மறுக்கல."

அவள் அன்றைக்கு அதற்குமேல் என்னோடு பேசவில்லை. வாய்ப்பூட்டு சில வீடுகளில் தானாகவே அமைந்துவிடுகிறது.

லிஃப்ட் பதினெட்டு நாள் ஓடவில்லை. நிறுவனத்தில் வேறு மெக்கானிக்குகள் இருந்தார்கள். போன் செய்தால் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள். "அந்த வாய் திறந்திருக்கா, மூடியிருக்கா?" திறந்திருக்கிறது என்றால் வைத்துவிடுவார்கள். நாற்பத்திரண்டு கிலோ தம்பி படியேற மறுத்ததால், தினமும் இரண்டு வேளை தலைவரும் வாட்ச்மேனும் அவனைப் போர்வையில் கிடத்திப் பத்து மாடி தூக்கினார்கள். அவன் இருபுறமும் பார்த்தபடி, பதவியேற்கப் போகிறவனைப் போலப் போவான்.

பத்தொன்பதாம் நாள் காலை மெக்கானிக் வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை.

"ஒன்பதாம் மாடி டீச்சர் போன் பண்ணாங்க சார். இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கப் போகணுமாம். நாற்காலியோட தூக்கிட்டுப் போலாம்னு மகன் சொல்றாராம். அந்தம்மா பயப்படுறாங்க." கருவிப் பையை இறக்கினார். "நாயைக் கட்டச் சொல்லுங்க."

தலைவர் ஊரில் இல்லை. அவர் மனைவி, கட்டிப்போட்டால் அவன் மனம் உடைந்துவிடும் என்றாள். கடைசியில், காலையில் தோட்டத்துக்கு இறங்கியவனைத் திரும்ப மேலே தூக்க ஆள் போதாததால், "இங்கயே உக்காந்திருக்கட்டும், நீங்க பாத்துக்கங்க" என்று என்னிடம் விட்டுவிட்டு மேலே போய்விட்டாள்.

"வாய்ப்பூட்டு கொண்டு வந்திருக்கேன்" என்றார் மெக்கானிக்.

"தீர்மானம் இருக்கே" என்றேன்.

அவர் அதைத் திரும்பப் பைக்குள் போட்டார். "சரி, உங்க கைக்குத் தீர்மானம் ஏதும் இல்லையே?"

இல்லை. எனவே ஒன்றே முக்கால் மணி நேரம் நான் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். அவன் என் மடியில் தூங்கிப்போனான். எனக்குக் கை மரத்துப்போனது. மெக்கானிக் துணைத் தீர்மானத்தை மீறி, பழையபடி குப்புறப் படுத்து, காலை வெளியே நீட்டி வேலை செய்தார். உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது.

"சார், லெட்டர் அனுப்பிட்டீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. இன்னும் பிரிக்கலையாம். ரொம்ப நன்றி சார். நாலு பேர் பாத்தாலும் எழுதிக் குடுக்க ஒருத்தருக்குத்தான் மனசு வரும்."

நான் பதில் சொல்லவில்லை. தம்பி விழித்துவிடக் கூடாதே.

லிஃப்ட் ஓடியது. டீச்சர் சக்கர நாற்காலியில் கீழே வந்து, மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அடுத்த வாரம் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில், 'நிர்வாகத்தின் தொடர் முயற்சியால்' லிஃப்ட் சரிசெய்யப்பட்டதாக நானே எழுதி ஒட்டினேன்.

அதற்குப் பிறகு மெக்கானிக் எங்கள் பக்கம் வரவில்லை. வேறு ஆள் வந்தார். நானும் விசாரிக்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, மனைவியின் முழங்காலைக் காட்ட ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். லிஃப்டில் ஒரு ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஏறுகிறவர்களிடம் எத்தனையாவது மாடி என்று கேட்டுப் பொத்தானை அழுத்துவது வேலை. காதுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை.

"நாலாவது மாடியா சார்?" என்றார்.

"நீங்க... இங்க?"

"கம்பெனியில லெட்டரைப் பிரிச்சாங்க சார். வழியில காலை நீட்டினது யாரு, வேலையைப் பாதியில விட்டது யாருன்னு கேட்டாங்க. லெட்டர்லயே இருக்கேன்னாங்க. வேலையை விட்டு அனுப்பிட்டாங்க." குரலில் சூடே இல்லை. பொத்தானை அழுத்தினார்.

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதாவது பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு வருடம் எத்தனையோ வாக்கியம் கட்டியவன், கடைசியில் கேட்டது இதுதான்.

"கடி... ஆறிடுச்சா?"

கதவு திறந்தது. அவர் எழுந்து, என் மனைவி இறங்கும்வரை கதவைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"நாய்க்கடி அப்பவே ஆறிடுச்சு சார். அதுக்கு ஊசி இருக்கு, அஞ்சு போட்டாங்க" என்றார். "உங்க லெட்டருக்குத்தான் இத்தனை பெரிய ஆஸ்பத்திரியில ஊசி இல்ல."