நாலு பேரும் வேண்டாம் என்ற கல்யாணம்

கரமனை, திருவனந்தபுரம்
16-7-2003

மிகுந்த மதிப்புக்குரிய மச்சான் யோசுவா அவர்களுக்கு, ராஜையன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும், உங்கள் தங்கை ரத்னாபாயும், மகள் ரெனியும், மகன் சஜியும் சுகமாக இருக்கிறோம். அங்கே அக்காவின் முழங்கால் வலி தேவலையா? மார்த்தாண்டம் சந்தையில் ஏத்தன் வாழைக்குலை நல்ல விலை போகிறதா? இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் நேற்று போன் போட்டேன். நீங்கள் "அலோ" என்று போட்ட அதட்டலில், சொல்ல வந்தது தொண்டைக்குள் இறங்கிவிட்டது. அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், ரெனிக்கு நீங்கள் பார்த்த, சவுதியில் தம்மாமில் வேலை செய்கிற மாப்பிள்ளையின் அப்பாவிடம் சம்மதம் என்று வாக்குச் சொல்வதாக இருக்கிறீர்கள். தயவுசெய்து சொல்லவேண்டாம். எங்கள் நாலு பேருக்கும் இதில் விருப்பமில்லை. கடிதத்தைக் கசக்கிவிடாமல் மீதியையும் வாசியுங்கள்.

ரெனிக்குக் கழக்கூட்டத்து ஆபீசில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "கம்ப்யூட்டரில்தான்" என்று சொல்லி ஒப்பேற்றி வந்தேன் அல்லவா, இப்போதுதான் எனக்கே புரிந்தது. ஆபீசில் வேலை செய்கிறவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று, யார் எவர் என்று தெரியாமலே கேட்டு வாங்கி, முதலாளிக்குப் பட்டை பட்டையாகப் படம் போட்டுக் காட்டுகிற ஒரு சாதனத்தை அவள் கம்ப்யூட்டருக்குள் செய்துகொண்டிருக்கிறாள். ஒரு கேள்வி வரும், கீழே வட்டங்கள் வரும், நம் மனதுக்குச் சரியென்று பட்ட வட்டத்தை அமுக்கவேண்டும். சம்மதம் என்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. முதலில் ஐந்து வட்டம் வைத்திருந்தாளாம், நடுவில் இருந்தது இப்படியும் இல்லை அப்படியும் இல்லை என்பவர்களுக்கு. ஆனால் எல்லாரும் அதற்குள்ளேயே போய் ஒளிந்துகொள்கிறார்கள் என்று அவளுடைய மேலதிகாரி அதை எடுக்கச் சொல்லிவிட்டார். எனக்கு அது பெரிய இழப்பு. பஸ் டிப்போவில் ஸ்டோர்கீப்பராகச் சேர்ந்த நாளிலிருந்து, உங்கள் வீட்டில் பெண் எடுத்து இன்றுவரை, நான் குடியிருந்ததே அந்த நடு வட்டத்தில்தான்.

இந்தச் சாதனம் ஓடுகிறதா என்று ஆட்களை வைத்துப் பார்க்கவேண்டுமாம். நாலு பேருக்குக் குறைந்தால் யார் என்ன சொன்னார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பதால் அது படமே காட்டாதாம். எங்கள் வீட்டில் சரியாக நாலு பேர். சனிக்கிழமை சாயங்காலம் சஜியின் கம்ப்யூட்டரில் அதை ஏற்றி, ஒவ்வொருவராக உள்ளே போய் அமுக்கிவிட்டு வாருங்கள் என்றாள். திரையில் முதல் வரியே, "உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது. மனதில் உள்ளதை அச்சமின்றிச் சொல்லுங்கள்." அது அவளே எழுதிய வரி. "இங்க ஆரு மக்ளே மேனேஜர்?" என்று கேட்டேன். "நம்ம வீட்டையே கம்பெனிண்ணு நெனச்சுக்கிடுங்கப்பா" என்றாள். நினைத்துக்கொண்டேன். நினைத்ததும் கண் தானாக அடுக்களைப் பக்கம் போயிற்று.

உங்கள் மேலாளர் நீங்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறாரா, வேலைக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் இருக்கின்றனவா, கடந்த வாரத்தில் உங்கள் வேலையை யாராவது பாராட்டினார்களா என்று வரிசையாக வந்தது. நான் அயலை மீன் வாங்கி வந்த அன்று பூனை பாராட்டியது, அதைச் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. கடைசிக் கேள்வியில்தான் எனக்கு வியர்த்துவிட்டது. "நிர்வாகம் அண்மையில் எடுத்திருக்கும் முக்கியமான முடிவு உங்களுக்குச் சம்மதமா?" அது எல்லா ஆபீசுக்கும் பொதுவான கேள்வி என்று ரெனி பிறகு சத்தியம் செய்தாள். ஆனால் எங்கள் வீட்டில் அண்மையில் எடுத்த முக்கியமான முடிவு எது என்று பூனைக்கும் தெரியும். நான் முடித்து வந்ததும் சஜி போனான், பிறகு ரெனி. உங்கள் தங்கை மீன்சட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கடைசியாகப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பரீட்சை எழுதுகிற நேரம் எடுத்துக்கொண்டாள்.

படம் வந்தது. கடைசிக் கேள்விக்கு நாலும் சிவப்பு. நான் அமுக்கியது பச்சை என்றுதான் எனக்கு ஞாபகம். ஆனால் அந்த மவுஸ் என் சொல் கேட்பதில்லை, கர்த்தரே என் கையைப் பிடித்து நகர்த்தியிருப்பார் என்று எண்ணி வாயைத் திறக்கவில்லை. மற்றக் கேள்விகளிலும் நாலு பேரும் ஒரே பதில்தான். வேலைக்குக் கருவிகள் இருக்கின்றனவா என்பதற்கும் நாலும் சிவப்பு. அரிவாள்மனை மழுங்கிக் கிடப்பது சஜிக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம் யோசித்தேன், குடும்ப ஒற்றுமை என்று விட்டுவிட்டேன். பிறகு சஜிதான், "அப்போ ஆருக்குத்தான் இந்தக் கல்யாணம் வேணும்?" என்றான். ரெனிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. "வேலைய விட்டுட்டு வரணும்ணு அவங்க சொன்னப்பவே எனக்கு வேண்டாம்பா. அம்மைக்க ஆசைண்ணு நெனச்சேன்" என்றாள். எனக்கும் வேண்டாம், நானும் உன் அம்மையின் ஆசை என்றுதான் நினைத்தேன் என்றேன். எல்லாரும் ரத்னாபாயைப் பார்த்தோம். அவள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி, "எனக்க அண்ணன் பாத்த எடத்த நான் வேண்டாம்ணு சொல்லுவேனா? நீங்க மூணுபேரும் சொல்லியாச்சு, பின்ன நான் மட்டும் எதுக்கு மாறி நிக்கணும்?" என்றாள். பிறகு, "ஆபீசு கதை சொல்லிச் சிரிச்சுக்கிட்டே சோறு திங்கிற பிள்ள. அங்க போயி ஆருக்கிட்ட சிரிக்கும்?" என்றாள்.

மச்சான், ஒரு மாதமாக அடைத்துக்கொண்டிருந்த நெஞ்சு அன்றைக்குத்தான் விட்டது. நாலு பேரும் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டோம். மீன்குழம்பு நன்றாக இருக்கிறது என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். ரத்னாபாய் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பையனைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் மனம் நோகாமல், அவர்கள் மனமும் நோகாமல், பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். இதை நாங்கள் நாலு பேரும் ஒருமனப்பட்டுக் கேட்கிறோம், எவர் ஒருவருடைய பிடிவாதமும் அல்ல. உங்கள் வீட்டையும் வியாபாரத்தையும் கர்த்தர் காப்பாராக. அக்காவுக்கு எங்கள் எல்லாருடைய அன்பும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்கு அடங்கிய,
ராஜையன்

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். ரெனி இப்போதுதான் ஆபீசிலிருந்து வந்தாள். சாதனத்தில் பிழையாம். நாலு பேர் பதிலும் தனித்தனியாகச் சேராமல், கடைசியாக அமுக்கியவருடைய பதில் முந்தினவர்களுடையதை எல்லாம் அழித்துவிட்டு நாலு இடத்திலும் உட்கார்ந்துவிட்டதாம். நான் பச்சை என்று ஒத்துக்கொண்டேன். சஜியும் பச்சைதானாம். "உனக்க கல்யாணம், நீ ஏன் மக்ளே பச்சை?" என்று ரெனியைக் கேட்டேன். "நான் செஞ்ச சாதனம்லாப்பா, பேரு தெரியாதுண்ணு நான் எப்படி நம்புவேன்?" என்கிறாள். நம்பியது ஒரே ஆள், மகள் எழுதிய வரி என்று. ஆகவே மேலே நாலு பேர் என்று நான் எழுதிய இடத்தில் எல்லாம் உங்கள் தங்கை என்று வாசித்துக்கொள்ளவும். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை அவள் அந்தப் பெட்டிக்குள் சொல்லியிருக்கிறாள். பிழை விவரம் அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது மட்டும் அந்த "அலோ"வைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் மச்சான், எடுப்பது அவளாக இருக்கும்.