மனித மூச்சு படாத காற்று

ஊரே மண்டபத்தில்தான் கிடந்தது. காற்றுச் சாமியார் வந்திருக்கிறார் அல்லவா! மனித மூச்சே படாத மலையுச்சியில் பிடித்த காற்றாம். குழாய் வைத்த பையில் அடைத்துத் தருகிறார். உறிஞ்சினால் நெஞ்சுச்சளி முதல் மாமியார் கோபம் வரை எல்லாம் போய்விடுமாம். பை கொடுக்கும் சீடர்கள் மூவரும் மௌன விரதம். என்ன பக்தி!

ஆய்வுக்கூடத்தில் வாயுக்களை அளக்கும் வேலை பார்க்கும் அவ்வூர்ப் பெண் ஒருத்தி இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அவளுடைய அண்ணனுக்கு ஆஸ்துமா. சாமியார் பேச்சைக் கேட்டு இன்ஹேலரை மூலையில் எறிந்துவிட்டு, இரண்டு வாரமாக மாடிப்படி ஏறவே திணறுகிறான்.

சண்டை போட்டுப் பயனில்லை. அந்தக் காற்றை அளந்து பார்க்கலாமா என்று சாமியாரையே பணிவாகக் கேட்டாள். விஞ்ஞானமே காலில் விழுகிறதென்று பூரித்துப்போன அவர், சீடர்கள், பக்தர்கள் சகிதம் அவளுடைய ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பி வந்தார்.

மேசைமேல் ஒரு செப்புக் குடுவை. அதனுள் மைக்ரோவேவ் அலையை விட்டால் குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிரும்; கருவி அந்த எண்ணைக் காட்டும். உள்ளே வாயு புகுந்தால் அந்த எண் துளி இறங்கும். ஈரமிருந்தால் இன்னும் இறங்கும். அவள் வழக்கம்போல முதலில் குடுவையை வெற்றிடமாக்கி எண்ணைக் குறித்துக்கொண்டாள். பிறகு அறைக் காற்றை விட்டாள். கொஞ்சம் இறங்கியது. மறுபடி வெற்றிடம். பிறகு சாமியாரின் பை. எண் அதைவிட நன்றாகவே இறங்கியது.

பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமியார் கண்ணை மூடிக் குடுவையை ஆசீர்வதித்தார்.

"பாத்தியா? மெஷினே சொல்லுது" என்றான் அண்ணன், மூச்சு வாங்கியபடியே.

"இருண்ணா, இன்னும் முடியல."

அவள் ஒரு காலிப் பையை எடுத்துத் தன் வாயாலேயே ஊதி நிரப்பினாள். குடுவையை மறுபடி வெற்றிடமாக்கி, அந்தப் பையை மாட்டினாள். கடைசி இலக்கம் தவிர, சாமியார் பைக்கு வந்த அதே எண் வந்து நின்றது.

"மலைக்காத்து இல்லண்ணா. ஈரமும் கரியமில வாயுவும் கலந்த மூச்சு. யாரோ வாயால ஊதி அடைச்சது."

எல்லோரும் சீடர்களைப் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் கன்னம் வீங்கி, உதடு வெடித்திருந்தது. ஒருவனுடைய விரதம் அங்கேயே முறிந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை பைதான் ஊதறது? வாய் வலிக்குது சாமி."

கழிவறை எங்கே என்று கேட்டுப் போன சாமி திரும்பவே இல்லை.

இரண்டு வாரமாக அடுத்தவன் விட்ட மூச்சை உறிஞ்சிய அண்ணன் முகம் கோணலானது. கையை நீட்டினான். மூலையிலிருந்து எடுத்து வைத்திருந்த இன்ஹேலரை அவள் கொடுத்தாள். அவன் இழுத்து மூச்சு விட்டதும்தான் அவளுக்கும் மூச்சு வந்தது.

மூச்சு விட மூக்கு இருக்கிறது மக்களே. அதற்கு மேலே, மண்டைக்குள் இன்னொன்றும் இருக்கிறது. அதையும் மலையுச்சியிலிருந்து யாராவது பையில் கொண்டுவந்து தருவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.