நான்காம் பாட்டில் நீக்கப்பட்ட ஏழு விநாடிகள்

பெருமதிப்பிற்குரிய தம்பி அவர்களுக்கு,

உடன்பிறந்த அக்காள் எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் உயிருடன் உள்ளோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அவ்விடம் நீயும் உன் கிட்டாரும் சுகமாகவே இருப்பீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

உங்கள் குழுவின் ‘துருப்பிடித்த வானம்’ முப்பத்தோரு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கறுப்பு இசைத்தட்டாக வெளிவந்து, சென்ற வாரம் தபாலில் என்னை அடைந்தது. அந்த ஹெவி மெட்டல் ஆல்பம் நம் வீட்டு மாடியறையில், சுவரெல்லாம் மெத்தை கட்டிப் பதிவானபோது, கீழே நான் எவர் துணையுமின்றித் தட்டச்சுத் தேர்வுக்குப் பயின்றுகொண்டிருந்ததையும், நான்காம் பாட்டின் நடுவே உன் கிட்டார் ஓய்ந்த நொடியில் மாடியேறி வந்து கதவை உதைத்து, “டேய், இது மனுஷங்க இருக்கற வீடாடா? நிறுத்தித் தொலைங்கடா!” என்று முழங்கியதையும், நாடா ஓடிக்கொண்டிருந்தபடியால் அது அப்படியே ஆல்பத்தில் இடம்பெற்றுவிட்டதையும் நீ மறந்திருக்க நியாயமில்லை. அந்த ஏழு விநாடியை மனப்பாடம் செய்யாத ரசிகரே இல்லையாம். மின்விசிறியைப் பழுதுபார்க்க வந்த எலக்ட்ரீஷியன் சொன்னார். மண்டையோட்டுச் சட்டை அணிந்த பண்பாளர். நான் உன் அத்தானைக் காப்பி குடிக்க அழைத்ததைக் கேட்டவர், ஏணியை விட்டு இறங்கி வந்து, “அம்மா, அந்த நாலாவது பாட்டு... அது நீங்களா?” என்று கைகூப்பினார்.

எனவே நேற்று மாலை நான்கு மணிக்கு, அவர் கொண்டுவந்த ரெக்கார்டு பிளேயரைக் கூடத்தில் நிறுவி, என் சம்பந்தியம்மாளையும் மேல்வீட்டுப் பல் மருத்துவரையும் எழுத்து மூலம் முறைப்படி அழைத்திருந்தேன். முதல் மூன்று பாட்டுகளை அவர்கள் பல் பிடுங்கக் காத்திருப்பவர்களைப் போல, மருத்துவர் உட்பட, பொறுத்துக்கொண்டார்கள். நான்காம் பாட்டு வந்தது. நான் எழுந்து நின்றேன். கிட்டார் ஓய்ந்தது. பிறகு ஒன்றுமில்லை. கழுவித் துடைத்த மௌனம். அதன்பின் டிரம்ஸ்.

“எங்க சம்பந்தி, நீங்க வரவே இல்லையே?” என்றார் சம்பந்தியம்மாள்.

“இப்பதான் பாட்டு பாட்டு மாதிரி இருக்கு” என்றார் உன் அத்தான்.

எலக்ட்ரீஷியன் ஒருவர்தான், “கொன்னுட்டாங்கம்மா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அட்டையின் பின்புறத்தைப் படித்தேன். ‘தேவையற்ற இரைச்சல்கள் நீக்கப்பட்டுள்ளன.’ தம்பி, நாற்பது நிமிடமும் இரைச்சலாகவே உள்ள தட்டில், தேவையற்றது என்று உங்கள் நிபுணருக்கு அகப்பட்டது நான் ஒருத்திதானா? ஒயர் சுருட்டியவரின் பெயர் இருக்கிறது. டிரம்ஸ்காரரின் நாய்க்கு நன்றி இருக்கிறது. ஊராருக்காக நான் இதுவரை ஆயிரக்கணக்கில் மனுக்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் அடியிலும் இன்னொருவர் கையெழுத்து. என்னுடையது என்று இவ்வுலகில் பதிவாகியிருந்தது அந்த ஏழு விநாடி மட்டுந்தான்டா. அதையும் துடைச்சுப் போட்டுட்டியே. இனி நான் கத்தினால் என்ன, கத்தாவிட்டால் என்ன? நேற்றிலிருந்து உன் அத்தானைக்கூட மெதுவாகவே அழைக்கிறேன். மனிதர் பயந்துபோய் இருக்கிறார்.

ஆகவே, வெளிவந்த தட்டுகள் அனைத்தையும் திரும்பப் பெற்று, என்னை உரிய இடத்தில் மீண்டும் நிறுவுமாறு இதன்மூலம் கோருகிறேன். தவறினால் வக்கீல் அறிவிப்பு வரும். அதையும் நானே எழுதுவேன். உன் காது கேட்கும் காலமெல்லாம் நீ நலமோடிருக்க, மூத்தவள் என்ற முறையில் ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
தேவையற்ற இரைச்சல்

பின்குறிப்பு: மேற்படி அறிவிப்புக்கு மாதிரி தேடிப் பழைய கோப்பைப் பிரித்தபோது, முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் உனக்கு நான் எழுதிய கடிதத்தின் கார்பன் நகல் கிடைத்தது. ‘குடும்ப மானம் கருதி, என் குரலை அடுத்த பதிப்பிலேனும் அறவே நீக்கித் தருமாறு கண்டிப்புடன் கோருகிறேன்.’ கூடவே மூன்று நினைவூட்டல்கள். பிறந்தது முதல் நான் சொன்ன ஒன்றையும் கேட்காதவனே, கேட்டதுதான் கேட்டாய், இதையா கேட்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை மைக்கை எடுத்துக்கொண்டு வந்து சேர். கோபத்துக்குத் தனியாக ஏற்பாடு எதுவும் வேண்டாம். உன் முகத்தைப் பார்த்தாலே போதும்.