நாற்பது மூட்டையும் ஒரு மொட்டைக் கோழியும்

எந்தப் பொருளும் கடவுள் படைத்த அன்றே பிறந்துவிடுவதாகப் பொதுமக்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தவறு. சுங்கத் தீர்வை அட்டவணையில் அதற்கு ஓர் எட்டு இலக்க எண் கிடைக்கும் அன்றுதான் அது முறைப்படி பிறக்கிறது. அதுவரை அது துறைமுகக் கிடங்கில் கிடக்கும் வெறும் சந்தேகம். அப்படிப்பட்ட சந்தேகங்களுக்கு இருபத்திரண்டு வருடங்களாக எண் கொடுத்து உயிர் கொடுத்துவருபவன் நான், வகைப்பாட்டுப் பிரிவின் கண்காணிப்பாளர். தற்பெருமை எனக்குப் பிடிக்காது என்பதால் என் துறையின் பெருமையை மட்டும் சொல்கிறேன்.

நாற்பது மூட்டை வெள்ளைப் பொடி வந்து இறங்கியது. பெயர் மெத்தியோனின். அமினோ அமிலங்களில் ஒன்று. கோழியின் உடம்பு இதைத் தானாகத் தயாரித்துக்கொள்ளாதாம், இரையில் கலந்துதான் கொடுக்க வேண்டுமாம். வரவழைத்தவர் ஒரு கோழிப்பண்ணைக்காரம்மா. தன் ஓரகத்தியோடு சேர்ந்து மூவாயிரம் கோழி வளர்க்கிறார். மூவாயிரம் கோழிகளுக்கு நடுவே பேசிப் பேசி உரத்துப்போன குரல்.

“சார், சீக்கிரம் விடுங்க சார். இது இல்லாம கோழிக்கு இறகு கொட்டுது. இறகு கொட்டின கோழியப் பாத்தா பக்கத்துக் கோழி கொத்துது. கொத்து வாங்கினது ரெண்டு நாள்ல செத்துப்போகுது.”

“பதறாதீங்கம்மா. மொதல்ல இது என்னன்னு கண்டுபிடிக்கணும்.”

“மூட்டை மேலயே எழுதியிருக்கே சார்.”

“மூட்டை சொல்றத நம்பிட்டா அப்புறம் நாங்க எதுக்கு?”

அன்று மதியமே ‘பொருளின் தன்மை ஆழ்ந்த பரிசீலனைக்குரியது’ என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். எங்கள் தலைமை அதிகாரியை நாங்கள் ‘பெரியவர்’ என்போம். அவர் படிக்காமலே கையெழுத்திட்டு என் மேல் உள்ள நம்பிக்கையைக் காட்டினார். நிபுணர் குழு அமைந்தது. அமைப்பாளர் அடியேன். தனி அறை, வட்ட மேசை, என் பதவி பொறித்த பித்தளைப் பலகை எல்லாம் வந்தன.

முதல் கூட்டத்தில் ஆய்வகத்து வேதியியலாளர் மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தார். “அழுகின முட்டை வாசனை. கந்தகம் இருக்கு. ரசாயனம்தான், சந்தேகமே வேண்டாம்.”

உணவுப் பிரிவு அதிகாரி சும்மா இருப்பாரா? “இதைக் கோழி திங்குது. கோழி போடற முட்டைய நாம திங்கறோம். ஆக, இதைத் திங்கறது நாமதான். உணவு.”

“இல்லேன்னா நோவு, குடுத்தா குணம். மருந்தில்லாம வேற என்னங்க?” என்றார் மருந்துப் பிரிவு அதிகாரி.

அழகுசாதனப் பிரிவு மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “இறகு முளைக்க வைக்குதுன்னா அது கூந்தல் பராமரிப்பு. ஃபைல எங்ககிட்ட அனுப்பிடுங்க.”

அறையே அசந்துபோனது. அந்தக் கருத்தின் கனத்தை உத்தேசித்து இன்னொரு சுற்று தேநீர் சொன்னேன். தீவனம் என்று யாரும் சொல்லவில்லை. தீவனப் பிரிவுக்கு இரண்டு வருடமாக அதிகாரி நியமிக்கப்படவில்லை. அதிகாரம் பெற்றவர் இல்லாத இடத்தில் மற்றவர்கள் அதைத் தீவனம் என்று சொல்வது அத்துமீறல்.

வீட்டில் மனைவியிடம் குழுவின் பெருமையை விவரித்தேன். “ஏங்க, கோழிக்கு இரை போட இத்தனை பேரா?” என்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். குடும்பத்தில் ஒருவருக்காவது நிர்வாகம் புரிகிறதே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பண்ணைக்காரம்மா தினமும் வந்தார். “இன்னைக்குப் பதினொண்ணு போச்சு சார்” என்பார் ஒரு நாள். “பதினாலு” என்பார் மறுநாள். ஒவ்வொரு முறையும் உட்காரச் சொல்லி மரியாதை செய்தோம். முப்பத்தோராம் நாள், இறுதிப் பயனாளரின் வாக்குமூலம் இல்லாமல் மேற்கொண்டு நகர முடியாது என்று குழு ஏகமனதாகக் கண்டறிந்தது. பயனாளரை அழைத்து வரச் சொல்லிப் பண்ணைக்காரம்மாவுக்குக் கடிதம் போனது.

மறுநாள் காலை பயனாளரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

வாசல் காவலாளி கடமை தவறாதவர். “உள்ள போறவங்க பேரு?”

“கோழி.”

“உங்களுக்கு என்ன உறவு?”

“வளர்ப்பு மக.”

எழுதிக்கொண்டு, கோழியின் கழுத்தில் பார்வையாளர் அட்டையை மாட்டி அனுப்பினார். அட்டைக்குப் பின்னால் இறகே இல்லை. கழுத்து மொட்டை, முதுகு மொட்டை, வாலில் மட்டும் நாலைந்து. தோலெல்லாம் கொத்துப்பட்ட தழும்பு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதைப் பார்த்ததும் நான் முகத்தைக் கோப்புக்குள் திருப்பிக்கொண்டேன். உடனே சமாளித்துக்கொண்டு கூட்டத்தைத் தொடங்கினேன்.

அமைப்பாளரான என் அனுமதிக்குக் கோழி காத்திருக்கவில்லை. மேசை மேல் தாவி ஏறி, மாதிரிப் பொட்டலத்தைக் கிழித்து மளமளவென்று தின்ன ஆரம்பித்தது.

“ஐயையோ, சாட்சியத்தத் திங்குது!” என்று வேதியியலாளர் அலறினார்.

“டாக்டர் சீட்டு இல்லாம எடுத்துக்குதே,” என்றார் மருந்துக்காரர்.

மேடம் ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தார். “ஒரு இறகுகூட முளைக்கலையே.”

‘பயனாளர் ஆட்சேபணை ஏதுமின்றி மாதிரியை ஏற்றுக்கொண்டார்’ என்று நான் நடவடிக்கைப் புத்தகத்தில் பதிந்தேன்.

“இப்பவாவது இது கோழித் தீனின்னு தெரிஞ்சுதா சார்?” என்றார் பண்ணைக்காரம்மா.

“தெரிஞ்சுதும்மா. ஆனா அது கோழியோட கருத்து. நாங்க மேலிடத்துல கேக்கணும்.”

நூற்றுப் பத்துப் பக்க அறிக்கை தலைமையகம் போனது. ஐம்பத்து மூன்றாம் நாள் பதில் வந்தது. ஒரே வரி: ‘மெத்தியோனினுக்குப் பெயர் சொல்லியே தீர்வை அட்டவணையில் தனி எட்டு இலக்க எண் இருக்கிறது, பார்க்கவும்.’

பார்த்தோம். இருந்தது. குழு எழுந்து நின்று கைதட்டியது. இத்தனை பிரிவுகள் கூடி இவ்வளவு துல்லியமாக ஒரு முடிவை எட்டியது எங்கள் அலுவலக வரலாற்றிலேயே முதல் முறை. பெரியவர் எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்.

மூட்டைகளை எடுக்க வந்த பண்ணைக்காரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டும் நகரவில்லை.

“நானூத்தி எழுபது கோழி போச்சு சார். இந்தத் தாள்ல இருக்கற நம்பர் புதுசா போட்டதா?”

“இல்லம்மா, ரொம்ப வருஷமா இருக்கு.”

“உங்க ஒருத்தருக்கும் தெரியலையா?”

கேள்வி கேட்டால் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. “எனக்குத் தெரியும். நீங்க வந்த அன்னைக்கே பாத்துட்டேன்.”

“அப்ப ஏன் சார் சொல்லல?”

“நீங்க எழுத்துமூலமாக் கேக்கலையே. தவிர, அதைச் சொல்லியிருந்தா குழுவுக்கு வேலை இருந்திருக்காதே.”

அவர் கோபப்படவில்லை. என்னையும், பித்தளைப் பலகையையும், மேசையைச் சுற்றித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களையும் ஒரு தடவை பார்த்தார். அவருக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது.

“என் கோழிங்க ஒரே ஒரு அமிலம் இல்லாமத்தான் சார் கொத்துதுங்க. நீங்கள்லாம் எது இல்லாம கொத்தறீங்க?”

மிக ஆழமான கேள்வி. அதற்கு விடை காண உடனடியாக ஒரு குழு அமைக்கப்பட்டிருக்கிறது. அமைப்பாளர் நான்தான்.