மிஷின் மாஸ்டரும் அம்மாவின் ஜன்னலும்

மாடிப்படி முழுக்கச் செருப்பு. மேலே நாற்பது பேர்; ஒவ்வொருவர் கையிலும் சுருட்டிய வீட்டு வரைபடம். எல்லாரும் மிஷின் மாஸ்டரைப் பார்க்க வந்தவர்கள். வரைபடத்தைக் கண்ணாடிப் பலகையில் விரித்தால் போதும், கட்டாத வீட்டுக்குள் புகுந்துவிட்ட கெட்ட சக்தியை மிஷின் கண்டுபிடித்துவிடும்! நல்லதென்றால் பச்சை விளக்கு, கெட்டதென்றால் சிவப்பு. முன்பு மாஸ்டர் இதையே ஒரு குச்சியை ஆட்டிச் சொன்னார். ஐந்து பேர் கேட்டார்கள். குச்சியைப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைப் பிடித்தார், ஊரே கேட்டது. பழைய கள், புதிய மொந்தை.

தையல்காரரும் போன வாரம் போயிருந்தார். அவர் வீட்டை வரைந்த ஆர்க்கிடெக்ட், வெயில் எங்கே விழும், காற்று எங்கிருந்து வரும் என்று மனையில் மூன்று நாள் நின்று பார்த்தவர். தையல்காரரின் அம்மாவுக்கு ஆஸ்துமா. அதனால் அம்மாவின் அறைக்குப் பெரிய ஜன்னலாக வைத்திருந்தார். மிஷின் அந்த ஜன்னலுக்குச் சிவப்பு காட்டியது.

"அடைச்சிடு. இல்லன்னா குடும்பம் தாங்காது" என்றார் மாஸ்டர்.

ஜன்னலை அடைத்து வரையச் சொல்லி, தையல்காரர் நேராக ஆர்க்கிடெக்டிடம் வந்து நின்றார்.

"அம்மா மூச்சு விட வேணாமாங்க?" என்று கேட்டார் ஆர்க்கிடெக்ட்.

"மிஷின் பொய் சொல்லுமா மேடம்? கம்ப்யூட்டருங்க அது!"

எனக்கானால் கோபம் வந்திருக்கும். அந்தப் பெண் சிரித்தார்.

"சரி, அவர் சொன்னபடியே அடைச்சு வரையறேன். பேரை மட்டும் மாத்திப் போட்டு நானே திரும்பக் காட்டுறேன். பச்சை எரிஞ்சா, நானே நின்னு செங்கல் வெச்சு அடைக்கிறேன்."

போனார்கள். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினார் அம்மா. மகனும் அவரும் மேஜைக்குப் பக்கவாட்டில், கூட்டத்தோடு ஒதுங்கிக்கொண்டார்கள். ஆர்க்கிடெக்ட் வரைபடத்தை விரித்தார். மாஸ்டர் கண்ணை மூடினார். சிவப்பு!

"ஐயையோ! யாரு வரைஞ்சது? இந்த ரூம்ல ஜன்னலே இல்லையே! சக்திக்கு மூச்சு முட்டுது. பெருசா ஒரு ஜன்னல் வைங்க!"

"அடைக்கச் சொன்னதே நீதானேப்பா!" அம்மா முன்னால் வந்துவிட்டார். "மூச்சு முட்டுறது சக்திக்கு இல்ல, எனக்கு!"

மாஸ்டர் அசரவில்லை. "போன வாரம் பழைய சாஃப்ட்வேர். நேத்துதான் அப்டேட் பண்ணினேன்."

கூட்டம் தலையாட்டியது. ஆட்டாமல் இருக்குமா?

தையல்காரர் மட்டும் ஆட்டவில்லை. முப்பது வருஷம் தையல் மிஷின் மிதித்தவர். அவர் கண் மேஜைக்கு அடியில் இருந்தது.

"மாஸ்டர், அந்த வலது காலைக் கொஞ்சம் தூக்குங்க."

"எதுக்கு?"

"தூக்குங்களேன்."

தூக்கினார். சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது. தையல்காரர் குனிந்து, மேஜைக்கடியில் இருந்த மிதிப்பலகையில் தன் காலை வைத்தார். சிவப்பு. எடுத்தார். பச்சை.

"நல்ல மிதிதான். எண்ணெய் போடுங்க, கிரீச்சுங்குது" என்றவர் ஆர்க்கிடெக்டிடம் திரும்பினார். "மேடம், அம்மா ஜன்னலைத் திரும்ப வெச்சிடுங்க. ஒரு அடி கூடவே இருக்கட்டும்."

மாஸ்டருக்கு அவசரமாக எங்கோ வேலை வந்துவிட்டது. வரிசையில் நின்ற ஒருவர் மட்டும் வரைபடத்தை விடாமல் மெல்லக் கேட்டார்:

"அப்போ, மிதிக்காம ஓடுற அசல் மிஷின் எங்கங்க கிடைக்கும்?"

"உங்க கழுத்துக்கு மேலதாங்க இருக்கு" என்றார் ஆர்க்கிடெக்ட். "எப்பவாவது ஆன் பண்ணிப் பாருங்க."