முதியோர் மடத்தில் எல்லாருக்கும் காய்ச்சல்

பயம் வந்தால் எனக்கு மூளை நின்றுவிடும். கை மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்யும். (என் மனைவியைக் கேட்டால், பயம் வராதபோதும் அப்படித்தான் என்பாள்.)

வாலிபத்தில் பினாங்கில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு முதியோர் மடத்தில் எடுபிடி வேலை பார்த்தேன். வாரம் ஒருமுறை வெள்ளைக்கார டாக்டர் வருவார். அன்று காலையிலிருந்தே கிழவர்கள் இருமலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விஷக்காய்ச்சல் என்று டாக்டர் சொல்லிவிட்டால் தொற்றுநோய்த் தீவுக்குப் படகேற்றிவிடுவார்கள். ஒரு காலத்தில் அந்தப் படகை வலித்தவரே எங்கள் மடத்துச் சவரிமுத்து மாமாதான். "கொண்டுபோயி விட்டவன் நான். திருப்பிக் கூட்டியாந்தது ஒருத்தரையும் இல்ல லா," என்று பினாங்குப் பேச்சில் சொல்வார்.

ஒருநாள், அப்போதுதான் கப்பலில் வந்து இறங்கிய புது டாக்டர் வந்தார். உதவியாள் வரவில்லை. மடத்துத் தலைவி, மதர், என்னை முன்னே தள்ளிவிட்டார். டாக்டர் தெர்மாமீட்டரை மருந்தில் துடைத்து, உதறிக் கொடுப்பார். நான் கிழவர் வாயில் வைத்து எடுத்து நீட்டவேண்டும். முதல் கட்டிலில் பக்கிரித் தாத்தாவுக்கு ஒன்றுமில்லை. அடுத்து சவரிமுத்து மாமா. வாயைத் திறக்கவே மாட்டேன் என்றார்.

"பக்கிரி எச்சிலையா என் வாயில வைக்கிற?"

"தொரை தொடச்சுத்தான் குடுத்தாரு மாமா."

"தொடச்சா எச்சில் போயிடுமா? சுடுதண்ணில கழுவு."

நியாயமாகத்தான் பட்டது. டாக்டர் கை கழுவ வைத்திருந்த வெந்நீர்ச் சட்டி பக்கத்திலேயே ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் பக்கிரித் தாத்தாவின் நெஞ்சைப் பார்க்கக் குனிந்த நேரத்தில் முக்கி எடுத்து வைத்தேன்.

டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார். மாமாவின் நெற்றியைத் தொட்டார். மறுபடி உதறிக் கொடுத்தார். (அவர் குறிப்பெழுதத் திரும்பியதும் மறுபடி கழுவினேன். சுத்தம் சுத்தம்தானே.) அடுத்த கட்டில்காரரும் கழுவச் சொன்னார். அதற்கடுத்தவருக்கு நானே கேட்காமல் கழுவினேன்.

டாக்டரின் முகம் வெளுத்தது (ஏற்கெனவே வெளுப்புதான், அதற்கு மேலும்). மதரிடம் ஏதோ சொன்னார். மதர் சிலுவை போட்டுக்கொண்டு எங்களுக்குத் தமிழில் சொன்னார்: நெற்றி சில்லென்றிருக்க உள்ளே கொதிக்கிற விஷக்காய்ச்சலாம், எல்லாரும் தீவுக்குப் போகவேண்டுமாம்.

யாரும் அழவில்லை. அதுதான் எனக்குப் பெரிய திகிலாக இருந்தது. சவரிமுத்து மாமா மட்டும், "தம்பி, அந்த வெள்ளச் சட்டைய எடு. நல்ல சட்டையோட போறேன்," என்றார். எடுத்துக் கொடுத்தபோது என் உடம்பே நடுங்கியது. அதைக் கண்ட டாக்டர், நீயும் வாயில் வைத்துக்கொள் என்று தெர்மாமீட்டரை என்னிடமே நீட்டினார்.

நானும் படகில் போகப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் அடுத்தவர் எச்சிலை எப்படி வாயில் வைப்பது? துரையின் கண்ணெதிரிலேயே சட்டியில் நன்றாக முக்கினேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. மதர் முகத்தை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. டாக்டர் எல்லார் வாயிலும் தானே வைத்துப் பார்த்தார். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை.

பாதிச் சட்டை போட்டிருந்த சவரிமுத்து மாமா நிதானமாகக் கேட்டார்: "தம்பி, சட்டையக் கழட்டவா, இல்ல இன்னொரு தடவ கழுவப்போறியா?"

இன்றும் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் என் மனைவி என்னை அறைக்குள் விடுவதில்லை. "அப்பாகிட்ட சொல்லாதீங்க, படகுக்கு ஆள் அனுப்பிடுவாரு," என்பாள். நான் வாசலில் நின்றபடி, நெற்றி சில்லென்றிருக்கிறதா என்று மட்டும் கேட்பேன். சுடுகிறது என்றால்தான் எனக்கு உயிர் வரும்.