எந்தப் பட்லரும் குடைக்குள் வரமாட்டான்

வாசகர் கடிதம் தூரிகையால் எழுதப்பட்டிருந்தது. பத்திரிகை அலுவலகத்தில் எல்லாரையும் பயமுறுத்தியது அதுதான். பேனாவால் திட்டுகிறவர்கள் மாதம் நூறு பேர் உண்டு. அவர்களுக்கு ஒரு நன்றி அட்டை போனால் போதும். மை உரைத்து, கையால் செய்த காகிதம் தேடிப்பிடித்து, தூரிகை எடுத்துத் திட்டுகிற ஆளுக்கு மந்திரி யாராவது மச்சானாக இருப்பார்.

உதவி ஆசிரியன் குவாஜிமா கடிதத்தை ஃபேக்ஸில் அனுப்பினான். ஃபேக்ஸ் மேல் நம்பிக்கை இல்லாமல் பின்னாலேயே ரயிலேறி, தொடரை வரையும் ஃபுசாயே வீட்டுக்கும் வந்துவிட்டான். அவனுக்கு இருபத்தேழு வயது. பேஸ்பால் பத்திரிகையில் எழுதத்தான் அந்தப் பதிப்பகத்தில் சேர்ந்தான். நிர்வாகம் அவனை, ஆணும் ஆணும் காதலிக்கும் மங்காப் படக்கதைகளைப் பெண்களுக்காக அச்சிடும் மாத இதழில் போட்டது. ஊரில் அவன் அம்மா இன்னும் அக்கம்பக்கத்தாரிடம் பேஸ்பால் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"படிங்க தம்பி, என் கையில மை" என்றாள் ஃபுசாயே.

அவன் படித்தான். "'நான்காம் அத்தியாயத்தில் பட்லர் தன் வெறுங்கையால் இளம்பிரபுவின் கழுத்துப் பொத்தானைப் போடுகிறான். எந்தப் பட்லரும் அப்படிச் செய்யமாட்டான். இகராஷி, காமாகுரா.' அவ்வளவுதான் சென்செய்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவே இருக்கறதுதான் பயம். கோர்ட்டுக்குப் போறவங்க சுருக்கமாத்தான் எழுதுவாங்கன்னு தலைமை ஆசிரியர் சொல்றாரு."

ஃபுசாயேவுக்கு நாற்பத்தொன்று. ஒன்பது வருடம் அடுத்தவர்களுக்கு உதவியாளராக ஜன்னலும் மரமும் வரைந்தவள். பிறகு நான்கு வருடம் எதுவுமே கிடைக்கவில்லை. 1920 வாக்கில் நடக்கும் இந்தத் தாய்ஷோ காலக் கதைதான் முதன்முதலாக அவள் பெயரில் ஓடும் தொடர். இளம்பிரபு தகாமிச்சிக்கு இருபத்துமூன்று வயது. அவன் பட்லர் செய்ஜி வாயைத் திறப்பதே அபூர்வம். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இருவரும் முத்தமிட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கத்தை அவள் முதலிலேயே வரைந்து மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தாள். தன் வாழ்நாளில் வரைந்ததிலேயே அதுதான் உருப்படி என்பது அவளுக்குத் தெரியும். அது அச்சில் வரவேண்டும். வேறு ஆசை எதுவும் அவளுக்குக் கிடையாது.

வாசகிகளின் வாக்கு அட்டையில் தொடர் மூன்றாம் இடத்தில் இருந்தது. பன்னிரண்டுக்குக் கீழே போனால் அடுத்த இதழோடு மூட்டை கட்ட வேண்டும்.

"கையுறை மாட்டிட்டா போச்சு" என்றாள் ஃபுசாயே. அடுத்த இதழில் செய்ஜிக்கு வெள்ளைக் கையுறை வந்தது.

அடுத்த மாதமே தூரிகையும் வந்தது. 'கையுறையோடு கழுத்துப் பொத்தான் போட முடியாது. தாங்கள் முயன்று பார்த்ததுண்டா?'

ஃபுசாயே முயன்று பார்க்கவில்லைதான். உதவியாளர் சினாட்சு பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டாள். குவாஜிமாவின் கழுத்து பரிசோதனைக்குப் பயன்பட்டது. பதினான்கு நிமிடத்தில் அவன் முகம் நீலமானது. பொத்தான் மட்டும் மசியவில்லை.

"லெட்டர் போட்டவர் சொல்றது நியாயம்" என்று இருமினான் குவாஜிமா.

ஆகவே பொத்தான் போடுவதற்கென்றே ரொக்குபெய் என்கிற அறுபது வயது வேலைக்காரரை ஃபுசாயே கதைக்குள் கொண்டுவந்தாள். அவர் எட்டுப் பக்கம் பொத்தான் போட்டார். செய்ஜி கதவோரம் நின்று பார்த்தான். 'இந்தக் கிழவர் யார், எப்போது சாவார்?' என்று வாக்கு அட்டையில் நாற்பது பெண்கள் கேட்டிருந்தார்கள். தொடர் ஆறாம் இடத்துக்கு வந்தது.

வீட்டுக்குள் இருந்தால்தானே தொல்லை என்று இருவரையும் வெளியே அனுப்பினாள். மழை. ஒரே குடை, அதிலும் ஒரு கம்பி முறிந்தது. தோளோடு தோள். வரைந்து முடித்தபோது சினாட்சு மூக்கைச் சிந்தினாள்.

மூன்றாம் கடிதம் வந்தது. 'எந்தப் பட்லரும் எஜமானின் குடைக்குள் வரமாட்டான். மூன்றடி பின்னால் நனைந்துகொண்டு நடப்பான். தவிர, அந்தக் குடையில் முறிந்திருப்பது ஒரு கம்பி அல்ல, இரண்டு.'

"இரண்டுன்னு இவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் சினாட்சு.

"தப்பு கண்டுபிடிக்கறதுன்னு உக்காந்துட்டா கம்பியையும்தான் எண்ணுவாங்க" என்று எரிந்து விழுந்தாள் ஃபுசாயே. இருந்தாலும் எதற்கு வம்பு என்று, அடுத்த இதழில் தாழ்வாரத்தில் காயவைத்த குடைக்கு இரண்டு கம்பிகளை முறித்து வைத்தாள். செய்ஜி மூன்றடி பின்னால் நடந்து, முழுக்க நனைந்து, காய்ச்சலில் விழுந்தான். இளம்பிரபு அவன் அறைக்கே வந்து நெற்றியில் ஈரத்துணி போட்டான். அட்டைகள் குவிந்தன, நான்காம் இடம். ஃபுசாயே இழுப்பறையைத் திறந்து முத்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

நான்காம் கடிதம். 'எந்தப் பிரபுவும் வேலைக்காரர் பகுதிக்கு வரமாட்டார். வந்தால், காய்ச்சல் நாற்பது டிகிரி ஆனாலும் பட்லர் எழுந்து நிற்பான்.'

செய்ஜி எழுந்து நின்றான். முப்பத்திரண்டு பக்கமும் நின்றான்.

ஐந்தாம் கடிதம். 'நிற்கிற பட்லர் தரையைப் பார்ப்பான். எஜமானின் முகத்தைப் பார்க்கமாட்டான்.'

செய்ஜி தரையைப் பார்த்தான். தரையை மிக அழகாக வரைந்திருப்பதாக ஒரு தச்சரின் மனைவி அட்டை போட்டிருந்தாள். அதைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வரவில்லை. பதினோராம் இடம்.

"சென்செய், இப்ப ரெண்டு பேரும் ஒரே கட்டத்துலயே வர்றதில்லை" என்றாள் சினாட்சு.

"தெரியுது."

"ஒருத்தருக்கொருத்தர் லெட்டர் போட்டுக்கிட்டாத்தான் உண்டு."

"பட்லர் லெட்டர் எழுதமாட்டான்னு அதுக்கும் ஒரு லெட்டர் வரும்."

ஆறாம் கடிதம் வழக்கத்தைவிடச் சற்று நீளமாக இருந்தது. 'இப்போது ஓரளவு சரியாக உள்ளது. ஆனால் பட்லரின் முகத்தில் ஏன் துக்கம்? எந்தப் பட்லரும் துக்கத்தை முகத்தில் காட்டமாட்டான்.'

ஃபுசாயே பேனாவைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். நாற்பத்தொரு வயதுக்காரி காகித மனிதர்கள் இருவருக்காக அழுவது அபத்தம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் அவர்கள் ஒருமுறையாவது ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு அத்தனை ஆசை.

தலைமை ஆசிரியர் அழவில்லை. "நேர்ல போய் மன்னிப்பு கேட்டு, 'இனிமே எனக்கு ஆட்சேபம் இல்லை'ன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை வாங்கிட்டு வாங்க. முடியலைன்னா இந்த இதழோட செய்ஜியும் கிடையாது, பிரபுவும் கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

மன்னிப்புக் கேட்கப் போகும்போது கொண்டுபோகும் இனிப்புப் பெட்டி கனமாக இருக்க வேண்டும் என்பது அந்த ஊர் சாஸ்திரம். தூக்குகிறவன் தோள் எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு வருத்தம் என்று கணக்கு. குவாஜிமா பயற்று யோகான் கட்டிகளை மூன்று கிலோவுக்கு வாங்கியிருந்தான். உடையும் கருப்பாக இருக்க வேண்டும். வருடம் முழுக்க மை படிந்த சட்டையில் வாழும் ஃபுசாயேவிடம் இருந்த ஒரே கருப்பு உடை, மாமா சாவுக்குத் தைத்தது.

காமாகுராவில் மலைச்சரிவு வீட்டின் முன்னால் இருவரும் போய் நின்றபோது, எதிர்வீட்டுப் பெண்மணி வாசல் கூட்டுவதை நிறுத்திவிட்டுக் கைகூப்பினாள்.

"அடப்பாவமே. ரெண்டு பேர்ல யாரு?"

"என்ன யாரு?" என்றான் குவாஜிமா.

"போனது."

"யாரும் போகலைங்க. மன்னிப்பு கேக்க வந்திருக்கோம்."

"ஓ" என்றாள் அவள், சற்று ஏமாற்றமாக. துடைப்பம் மீண்டும் நகர்ந்தது.

இகராஷிக்கு எண்பது வயது. முதுகு மட்டும் இன்னும் இருபதிலேயே நின்றிருந்தது. அவருக்குப் பின்னால் அலமாரியில் அவர்கள் இதழின் பிரதிகள் மாதவாரியாக, மூலை மடங்காமல் அடுக்கப்பட்டிருந்தன. ஃபுசாயேவும் குவாஜிமாவும் பாயில் நெற்றி படக் குனிந்தார்கள். பெட்டியை நீட்டினார்கள். அவர் அதை ஒரு விரலால் நகர்த்திப் பார்த்தார். எடை திருப்தியளித்தது போலிருந்தது.

"பதினோரு வருஷம் ஒரு பிரபு வீட்ல பட்லரா இருந்தேன்" என்றார். "போர் முடிஞ்சு, பிரபுப் பட்டமெல்லாம் ரத்துன்னு சட்டம் வந்த அன்னைக்குத்தான் கையுறையைக் கழட்டினேன்."

அப்போது தேநீர் வந்தது. கொண்டுவந்தவர் ஏறக்குறைய அதே வயதுள்ள இன்னொரு பெரியவர். சமையல் துணியை இடுப்பில் கோணலாகக் கட்டியிருந்தார். கட்டைவிரல் கோப்பைக்குள் இருந்தது. குவாஜிமாவின் தலைக்கு மேலாகக் கைநீட்டிக் கோப்பையை வைத்ததில் பாதி தட்டில் கொட்டியது. ஆறு கடிதங்களில் பயிற்சி பெற்ற ஃபுசாயேவுக்கு, எழுந்து அந்தத் தட்டைப் பிடுங்கலாமா என்றிருந்தது. ஊருக்கெல்லாம் தூரிகையில் பாடம் எடுக்கிற மனிதர் தன் வீட்டில் வைத்திருக்கும் வேலைக்காரரின் லட்சணம் இது.

வேலைக்காரர் குவாஜிமாவைப் பார்த்து, "பால் ஊத்தலாமான்னு அவரைக் கேளுங்க" என்றார். அவர் என்பவர் இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பால்... ஊத்தலாமான்னு கேக்கறாரு" என்றான் குவாஜிமா.

"வேண்டாம்னு சொல்லுங்க" என்றார் இகராஷி.

"வேண்டாமாம்."

"கேட்டுது" என்றார் வேலைக்காரர். சொல்லிவிட்டுப் பால் ஊற்றினார்.

பெரிய இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கே இந்தக் கொழுப்பு உண்டு என்று ஃபுசாயே நினைத்துக்கொண்டாள். இகராஷியும் ஒரு காலத்தில் தட்டு ஏந்தியவர்தானே. ஒரு வார்த்தை நேராகப் பேசினால் வாய் தேய்ந்தா போகும்?

இகராஷி அவள் பக்கம் திரும்பினார். "ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். இதையெல்லாம் உங்களுக்கு யார் சொல்றாங்க?"

"யாரும் சொல்றதில்லைங்க. நானா நினைச்சு வரையறதுதான்."

"நீங்களா நினைச்சு."

"ஆமாங்க."

"பொத்தான்?"

"அதுவும்தான்."

"குடை?"

"குடையும்தாங்க. கம்பி மட்டும் நீங்க சொன்னபடி மாத்தினேன்."

எல்லையில் பெட்டியைத் திறக்கச் சொல்லும் சுங்க அதிகாரி போல அவர் அவளைப் பார்த்தார். ஒன்றும் தெரியாமல் குத்துமதிப்பாக வரைகிறோம் என்று அவள் ஒப்புக்கொள்வதாகக் குவாஜிமாவுக்குப் பட்டது. இதோடு தொடர் செத்தது. அடுத்து அவனைப் பின்னல் வேலைப் பத்திரிகைக்குத்தான் மாற்றுவார்கள். அவன் துணிந்து இறங்கினான்.

"சென்செய் அடக்கமா சொல்றாங்க ஐயா. எங்களுக்கு ஆலோசகர் ஒருத்தர் இருக்காரு. பழைய பிரபு குடும்பத்து வாரிசு. பேர் வெளியில வரக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு. மாசாமாசம் அவரே வந்து, நடந்ததை ஒண்ணுவிடாம சொல்லிட்டுப் போவாரு."

ஃபுசாயே அவனைத் தொடையில் கிள்ளினாள். நேரம் கடந்துவிட்டது. வேலைக்காரர் கையிலிருந்து தட்டு விழுந்து, பால் குவளை உடைந்து, பாயெல்லாம் வெள்ளையானது. இகராஷியின் முகமும் அதே நிறத்துக்கு வந்தது.

"அப்படியா" என்றார் இகராஷி.

அவ்வளவுதான். எழுந்தார். முதுகு வளையாமல் உள்ளறைக்குப் போனார். மண்டியிட்டு, நகர்கதவை முதலில் பாதி, பிறகு மீதி என்று இரண்டே அசைவில் சத்தமில்லாமல் மூடினார். இவ்வளவு மரியாதையாக ஒரு கதவு முகத்தில் அறையப்பட்டு ஃபுசாயே பார்த்ததில்லை.

முடிந்தது. இழுப்பறையில் கிடக்கும் அந்தப் பக்கம் இனி இழுப்பறையிலேயே கிடக்க வேண்டியதுதான். "நல்லா இருக்கு தம்பி" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. குவாஜிமா யோகான் பெட்டியைப் பார்த்தபடி தலைகுனிந்திருந்தான்.

வேலைக்காரர் பாலைத் துடைக்கவில்லை. உடைந்த குவளையைத் தாண்டி வந்து, இகராஷி எழுந்துபோன மெத்தையிலேயே சாவகாசமாக உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து நல்ல மெத்தையில் மட்டுமே உட்கார்ந்தவர் போல உட்கார்ந்தார். மூடிய கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃபுசாயே பக்கம் குனிந்தார்.

"அம்மா, அந்தக் கதவுகிட்ட போய் அவர் காதுல விழற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிடுங்க, உங்க ஆலோசகர் நான் இல்லைன்னு, நான்தான் உங்களுக்குச் சொல்றேன்னு நினைச்சு ஆறு மாசமா எங்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்லை, அவரையும் குத்தம் சொல்ல முடியாது, அன்னைக்கு அந்தக் குடைக்குள்ள பிரபுவும் பட்லருமா நாங்க ரெண்டு பேர்தான் இருந்தோம்."